சபா செயலாளர்களே, அழைப்பிதழைப் படமாக அனுப்பாதீர்கள்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மார்கழியில் எல்லோரும் கேன்டீன் பக்கம் நடக்கும்போது, வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்கிற பெண்மணி நான்தான். மீதிப் பேருக்கு என் வாட்ஸ்அப் எண் தெரியும். அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு படமும், அதன் கீழே "மேடம், கொஞ்சம் போட்டுடுங்கோ" என்று ஒரு வரியும் வரும். நானும் பதிமூன்று வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த அரங்கில், எத்தனை மணிக்கு, யார் பாட்டு, யார் பக்கவாத்தியம் என்று நகரத்துக் கச்சேரிகளையெல்லாம் ஒரே இடத்தில் தரும் அந்த இணையதளம் என்னுடையது.

அது ஏதோ ஒரு ரசிகை புண்ணியத்துக்கு நடத்தும் தண்ணீர்ப் பந்தல் என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். இல்லை சார், அது என் கடை. அந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. மாட வீதியில் பூ விற்கிறவர் கோயம்பேட்டிலிருந்து சரக்கு எடுப்பது போல நான் உங்களிடமிருந்து சரக்கு எடுக்கிறேன். அந்தச் சரக்கு வந்து சேரும் அழகைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் வந்த ஓர் அழைப்பிதழைச் சொல்கிறேன். எந்த சபா என்று சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். மூன்றாய் மடித்த பளபளக்கும் காகிதம். அதை மேசையில் விரித்து, டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து எடுத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் 21ஆம் தேதி மாலைக் கச்சேரி வெள்ளையாகிப் போயிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் 23ஆம் தேதி. இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் யாரோ ஒரு வயலின் வித்வான். வாட்ஸ்அப் அந்தப் படத்தை இன்னும் சுருக்கி அனுப்பியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மணி 4.15-ஆ 6.15-ஆ என்று தெரியவில்லை.

அதில் அறுபத்தி இரண்டு கச்சேரிகள். ஒரு கச்சேரிக்குப் பாட்டு, வயலின், மிருதங்கம், மேலே கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ என்று நாலைந்து பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடிக்க வேண்டும், ஏனென்றால் பெங்களூரிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். அப்புறம், ஒரே பெயரில் மூன்று மிருதங்க வித்வான்கள் இருப்பார்கள். ஊர்ப் பெயரையோ இனிஷியலையோ வைத்துத்தான் பிரிக்க முடியும். உங்கள் அழைப்பிதழில் இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஊர்ப் பெயர்தான். ஒரு முறை தவறான வித்வானின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டேன். அவர் அன்று அமெரிக்காவில் இருந்தார். "நான் எப்போம்மா இந்த சபாவில் வாசிக்க ஒத்துக்கொண்டேன்?" என்று அங்கிருந்து கேட்டார்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் துணைக்காலும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது இன்னமும் தடுமாறுகிறது. கஞ்சிரா 'கஞ்சிரர' ஆகும். ராகம் 'ரரகம்' ஆகும். திருத்துவதற்குப் பதில் அடித்துவிடுவதே மேல்.

சில சபாக்கள் படத்துக்குப் பதில் பிடிஎஃப் அனுப்புகின்றன. அச்சகத்தில் வாங்கி அப்படியே அனுப்புவது. திறந்து பார்த்தால் தமிழ் அழகாகத் தெரியும். அதைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உதிரும். புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டும் பாமினி காலத்து எழுத்துருக்கள் செய்கிற வேலை அது. இதில் நான் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தத் தளம் தொடங்குவதற்கு முன் ஜாம் பஜார் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி வேலையில் இருந்தேன். அன்றைக்கு உங்கள் அழைப்பிதழ்களில் சிலவற்றை அதே எழுத்துருவில் அடித்துக் கொடுத்தவளும் நான்தான். ஆனால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசே 2010ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகக்காரரிடம் "யூனிகோடில் அடித்த கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவார். பாதி அச்சகங்களில் வாடிக்கையாளர் அனுப்புவதே கைப்பேசியில் யூனிகோடில் அடித்ததைத்தான். அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அச்சடிக்கிறார்கள். நான் அதைத் திரும்ப மாற்றுகிறேன். நடுவில் ஒற்றெழுத்துகள் சில காணாமல் போகின்றன.

சரி, எழுத்து சிரமத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, அழைப்பிதழ் அச்சான பிறகு நடக்கும் மாற்றம்.

இரண்டு வருடங்களுக்கு முன், டிசம்பர் கடைசி வாரம். மாலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன். குரலில் எழுபது வயது தெரிந்தது. "ஏம்மா, நீதானே அந்த லிஸ்ட் போடறவ? ஆதம்பாக்கத்துலேர்ந்து ஆட்டோவுக்கு முந்நூறு ரூபா கொடுத்துட்டு வந்திருக்கேன். இங்க வேற யாரோ பாடிண்டிருக்கா." பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். காலை பத்து மணிக்கே சபாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்று ஏற்பாடும் செய்துவிட்டார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். வாசலில் பலகையிலும் எழுதிவிட்டார்கள். ஆனால் பலகையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஆட்டோவில் ஏறி வாசலுக்கு வர வேண்டுமே. மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோ பணத்தைக் கொடுக்கிறேன் என்றேன். "பணம் வேண்டாம், இனிமே உன் லிஸ்டைப் பார்க்க மாட்டேன்" என்றார். அது முந்நூறு ரூபாயைவிடப் பெரிய நஷ்டம்.

மறுநாள் அந்த சபாவுக்குப் போய்ப் பலகை எழுதும் தம்பியைப் பார்த்தேன். கையில் மார்க்கர் பேனாவோடு அன்றைய பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. "நேத்து காலைலயே எழுதிட்டேனேக்கா. செகரெட்டரி சார் சொன்னாரு, எழுதினேன். உங்களுக்குச் சொல்லணும்னு யாரும் சொல்லலையே." அவர் மேல் என்ன தப்பு?

2023ல் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே கதைதான், அளவில் பெரிதாக. டிசம்பர் 4ஆம் தேதி மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் மாடியில் இருந்ததால் தப்பித்தேன். மூன்று நாள் கரண்ட் இல்லை, கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. என் சர்வர் இருப்பது மும்பையில். அதற்கு மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. தள்ளிப்போன கச்சேரிகளையெல்லாம் "இன்று மாலை" என்று காட்டிக்கொண்டு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. தளம் படுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் திருச்சியில் இருக்கும் என் தம்பி மனைவி, டிவி செய்தியைப் பார்த்துவிட்டு, கடவுச்சொல் எழுதி வைத்திருந்த பழைய டைரியைத் தேடி எடுத்து, முதல் பக்கத்தில் "மழை காரணமாக சபாவில் கேட்டுக்கொண்டு கிளம்பவும்" என்று ஒரு வரி போட்டாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அதற்கு முன் இணையதளத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. தனியாகக் கடை நடத்துகிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஷட்டரை இறக்கிவிடலாம். இந்தக் கடைக்கு ஷட்டர் கிடையாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு இது சங்கடமாக இருக்கலாம். சங்கீதம் பேசும் இடத்தில் காசு பேசுகிறாளே என்று. கேன்டீனில் டிகிரி காபிக்கு டோக்கன் வாங்கித்தானே குடிக்கிறோம்.

என் வருமானத்தில் பெரும்பகுதி டிசம்பர் 15க்கும் ஜனவரி 1க்கும் நடுவே உள்ள பதினெட்டு நாட்களில் வருவது. அந்தப் பதினெட்டு நாட்களுக்குத் தாங்குகிற சர்வரை எடுத்தால், மீதி மாதங்களில் கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் படுத்திருக்கிற மாதிரி காலியாகக் கிடக்கும். சின்ன சர்வராக எடுத்தால், டிசம்பர் 25 காலை பெரிய வித்வான்களின் நேரத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே சமயத்தில் வரும்போது மூச்சு முட்டி நின்றுவிடும். இரண்டையும் அனுபவித்துவிட்டேன். இப்போது நவம்பர் கடைசியில் பெரிதாக்கி, பொங்கல் கழிந்ததும் சுருக்கிக்கொள்கிறேன்.

தொடங்கிய புதிதில் விளம்பர வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இணையதளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களுக்கு வந்ததே 2018ல்தான். வந்த பிறகும், நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். ஆடி மாதத்துக் காசு சேர்ந்து சேர்ந்து ஐப்பசியில் கைக்கு வரும். அதனால் உள்ளூர் விளம்பரம்தான் சோறு. பட்டுப்புடவைக் கடை, வீணை பழுது பார்ப்பவர், ஊறுகாய் விற்பவர், வெளியூர் ரசிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர். இவர்கள் நல்லவர்கள். ஆனால் "சீசன் முடியட்டும்மா, தரேன்" என்பார்கள். சீசன் முடிந்தால் பொங்கல், பொங்கல் முடிந்தால் தை முகூர்த்தம், அப்புறம் பையனுக்குப் பரீட்சை. சட்டம் என் பக்கம் இருக்கிறது. சிறுதொழில்களுக்கான அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்த குறுந்தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பதிவும் வைத்திருக்கிறேன். ஆனால் யார் மேல் புகார் கொடுப்பது? புகார் கொடுத்த மறுநாள் அவரையே தெப்பக்குளத்தருகே பார்க்க வேண்டும், அடுத்த டிசம்பரில் அவரிடமே விளம்பரம் கேட்க வேண்டும்.

ஜிஎஸ்டி தனிப் புராணம், சுருக்கமாகச் சொல்கிறேன். சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டாதவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. நான் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் கொஞ்சம் பெரிய விளம்பரதாரர் "ஜிஎஸ்டி பில் இருக்கா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். சரி, பதிவு செய்யலாம் என்று போனால், வாடகை வீட்டில் தொழில் நடத்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் கடிதத்தை மூன்று முறை படித்தார். "ஏம்மா, இதில் கையெழுத்துப் போட்டால் ஈபி-காரன் வீட்டு இணைப்பைக் கடை இணைப்பாக மாற்றிவிடுவானே?" என்றார். ஒரு லேப்டாப்புக்கா என்று கேட்டேன். "கடை கடைதானே" என்றார். நான் மேலே சொன்ன அதே வாதம்; என்னிடமே திரும்பி வந்தது. பதிவு செய்தாலும், செய்தித்தாளில் விளம்பர இடம் விற்பவருக்கு 5 சதவீதம், இணையத்தில் விற்கும் எனக்கு 18 சதவீதம். ஒரு ரூபாய்கூட வராத மாதத்தில் "ஒன்றும் வரவில்லை" என்று தாக்கல் செய்ய மறந்தால் நாளுக்கு 20 ரூபாய். கடிதம் இன்னும் கையெழுத்தில்லாமல் பீரோவில் இருக்கிறது.

இன்னொன்று. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். நமக்குத் தெரியாமல் யாரும் பணத்தை உருவக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு நான் கட்டும் சர்வர் பணம் அந்த மாதம் போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் மூன்று வந்திருக்கிறது, மூன்றும் குப்பை மடலில் கிடந்தன. நான் குலதெய்வக் கோயிலுக்குத் திருநெல்வேலி பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு நாளாகத் தளம் இல்லை. அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை, அக்டோபர் அல்லவா! அந்த மௌனம் எனக்குத் தளம் நின்றதைவிடப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லாப் புதுப்பிப்புத் தேதிகளும் சமையலறை தினசரிக் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கின்றன. பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில், தளத்தின் முகவரிப் பெயரான டொமைனின் கணக்கு.

உங்களில் ஒரு சபா, போன வருடம் விளம்பரத்துக்குப் பணத்துக்குப் பதில் இரண்டு சீசன் பாஸ் கொடுத்தது. நல்ல இருக்கை, நான்காவது வரிசை. ஆகஸ்டில் டொமைன் புதுப்பிக்கிறவரிடம் அந்தப் பாஸ் செல்லுபடியாகவில்லை. உண்மையில் அந்தக் கச்சேரிகளுக்கு நான் போகவும் இல்லை. மாலை நான்கிலிருந்து ஒன்பதுவரை வேறு நான்கு சபாக்களின் மாற்றங்களைப் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தேன். மார்கழி முழுக்க நான் உருப்படியாகக் கேட்பது ஒன்றோ இரண்டோ கச்சேரிதான்.

இன்னொரு சபா என் பட்டியலைத் திரையிலிருந்து படம் எடுத்து, கீழே இருந்த தளத்தின் பெயரை வெட்டிவிட்டு, தன் உறுப்பினர் குழுவில் போட்டது. அந்தப் படம் சுற்றிச் சுற்றி என் சித்தி மூலமாக எனக்கே வந்தது. "உனக்கு உபயோகமா இருக்கும்" என்று அனுப்பியிருந்தார். நான் இரண்டு ராத்திரி விழித்து அடித்தது அது. பட்டியலை எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை, பெயரை வெட்டியதில்தான். அந்தப் பெயரைப் பார்த்து பத்துப் பேர் தளத்துக்கு வந்தால்தான் ஊறுகாய்க்காரருக்கு நான் கணக்குக் காட்ட முடியும். போதாக்குறைக்கு, தேடினால் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடும் வசதியும் இப்போது வந்துவிட்டது. "இன்று மாலை மயிலாப்பூரில் யார் பாட்டு?" என்று கேட்பவருக்கு என் தளத்தில் உள்ளதையே சொல்லி, என் வாசலுக்கு வராமலே அனுப்பிவைக்கிறார்கள். அந்தத் தேடல் நிறுவனங்களோடு சண்டை போட எனக்குச் சக்தி இல்லை. உங்களோடு உரிமையாகப் பேசலாம் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதில் உங்கள் லாபமும் இருக்கிறது. உங்கள் சபாக்களில் பலவற்றுக்குச் சொந்த இணையதளம் உண்டு. அதில் கச்சேரி நிரலை முழுசாக ஒரு படமாக ஒட்டி வைத்திருக்கிறீர்கள். தேடுகிறவர் வித்வானின் பெயரை அடித்தால், படத்துக்குள் சின்னதாக இருக்கும் அந்தப் பெயர் பெரும்பாலும் அகப்படுவதில்லை. பார்வை குறைந்தவர்களின் கைப்பேசி, எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். படத்தைக் கொடுத்தால் பல நேரம் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் முன்வரிசை ரசிகர்களின் வயதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தபோது எல்லா சபாவிலும் பேசினோம், கைதட்டினோம். அந்த நகரத்தின் ஒரு சீசன் நிரல் இன்னும் கட்டைவிரலுக்கு அடியில் கிடக்கிறது.

2020ல் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது நீங்கள் ஒரே வருடத்தில் கேமரா, ஒளிபரப்பு, இணைய டிக்கெட் என்று எல்லாம் கற்றுக்கொண்டீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அத்தனை பெரிய வேலையைச் செய்தவர்களுக்கு ஒரு தாளை நிரப்புவது கஷ்டமே இல்லை.

நவம்பர் முதல் வாரம் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு அனுப்புவேன். திறந்தால் கணக்குத்தாள் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். தேதி, மணி, அரங்கு, கலைஞர்கள். கைப்பேசியில் தமிழில் அடித்தால் போதும், பேசினாலும் அதுவே எழுதிக்கொள்ளும். ஊர்ப் பெயரை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். நவம்பர் 20க்குள் வந்துவிட்டால், பாதிக் கட்டணத்தில் உங்கள் சபாவுக்கு முதல் பக்கத்தில் இடம். கட்டணம் என்றுதான் சொன்னேன், பாஸ் வேண்டாம்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கைப்பேசி எண் கேட்டிருப்பேன். அதில் உங்கள் எண்ணைப் போட வேண்டாம், நீங்கள் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பீர்கள். வாசலில் பலகை எழுதும் தம்பியின் எண்ணைப் போடுங்கள். எழுதி முடித்ததும் பலகையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படத்தை மட்டும் நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். அவர் கையெழுத்து உங்கள் அழைப்பிதழைவிட நன்றாகப் புரிகிறது.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து உங்கள் பட்டியல்காரி